சுவரில் தொங்கும் சரித்திரம்

பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள். நிலைக் கதவுக்கு விலை பேசுகிறார்கள். தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறார்கள். பித்தளைக் குடத்துக்கும் விலை உண்டு. சுவரில் தொங்கும் பழைய அச்சுப் படத்துக்கு மட்டும் விலை இல்லை! சட்டத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகிதத்தைக் குப்பையில் வீசிவிடுகிறார்கள்.

அந்தப் படம் எந்த நாட்டில் அச்சானது? கடல் கடந்து எப்படி வந்தது? அதை ஆசையோடு வாங்கி மாட்டிய பாட்டனார் யார்? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

"கையால் வரைந்த சித்திரம் என்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைக் காப்பாற்றலாம். அச்சுப் படம் ஆயிரக்கணக்கில் இருக்குமே! ஒன்று போனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஆயிரம் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டால், ஆயிரம் படமும் போய்விடும் அல்லவா? அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அச்சுப் படத்தின் அருமையை நாம் உணர வேண்டிய காலம் இது.

அதை 200 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் ஓர் அரசர்.

தஞ்சை மன்னரின் ஆசை

தஞ்சாவூரில் இருந்த மராட்டிய மன்னர்களில் புகழ் பெற்றவர் இரண்டாம் சரபோஜி. 1777-ல் பிறந்தார். 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி அவரோடு ஓர் உடன்படிக்கை செய்து, நாட்டின் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியும்தான்.

பட்டம் உண்டு, ஆட்சி இல்லை. வேறு ஒருவராக இருந்தால் கேளிக்கையிலும் விருந்திலும் காலத்தைக் கழித்திருப்பார். சரபோஜி என்ன செய்தார்? அறிவைத் தேடினார்!

சிறு வயதில் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரின் ஆதரவில் வளர்ந்து கல்வி கற்றவர் அவர். அந்தப் பழக்கம் கடைசி வரை விடவில்லை. நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனையில் இருந்த ஏட்டுச்சுவடிகளோடு மேலும் பல சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் சுமார் 4,500 புத்தகங்களைச் சேர்த்தார். பல புத்தகங்களில் அவருடைய கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். அரண்மனையிலேயே ஓர் அச்சுக்கூடமும் வைத்தார். ஈசாப் கதைகள் மராட்டி மொழியில் 1806-ல் அங்கே அச்சாயின.

புத்தகங்களோடு மேல்நாட்டு அச்சுப் படங்களும் வந்தன. பிரான்சு நாட்டு ஓவியரின் முகப் படங்கள் வந்தன. சீன நாட்டுத் தண்டனைகளைக் காட்டும் படங்கள் வந்தன. நம் நாட்டின் காட்சிகளை வெள்ளைக்காரச் சித்திரக்காரர்கள் வரைந்து, அவர்கள் நாட்டில் அச்சடித்த படங்களும் வந்து சேர்ந்தன.

சரபோஜி 1832-ல் காலமானார். அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. ஆனால் நூல்நிலையம் பிழைத்தது. 1918-ல் அரச குடும்பத்தார் அதைப் பொதுமக்களின் உபயோகத்துக்குக் கொடுத்தார்கள். அதுதான் தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம். அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. அதில் உள்ள பொருட்காட்சிக் கூடத்தில் மன்னர் சேர்த்த படங்களில் சிலவற்றை யாரும் போய்ப் பார்க்கலாம்.

மன்னர் மட்டும் பார்த்த படத்தை இன்று மாட்டு வண்டிக்காரரின் பேரனும் பார்க்கலாம். இது எவ்வளவு பெரிய மாறுதல்!

ஏடும் செப்புத் தகடும்

அந்தக் காலத்தில் படத்தை எப்படி அச்சடித்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள நம் பாட்டன் பூட்டன் ஏடு எழுதிய முறையை நினைத்துப் பாருங்கள்.

பனை ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியது முதலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு அதன் மேல் கரியைத் தடவித் துடைப்பார்கள். மேலே உள்ள கரி போய்விடும். கீறலுக்குள் இருக்கும் கரி மட்டும் நிற்கும். எழுத்து பளிச்சென்று தெரியும்.

மேல்நாட்டார் இதே தத்துவத்தைச் செப்புத் தகட்டில் கையாண்டார்கள். கூரிய உளியால் தகட்டில் படத்தைக் கீறினார்கள். அதையும் இடம் வலமாக மாற்றிக் கீற வேண்டும்! பிறகு மையைத் தடவித் துடைத்தார்கள். ஈரம் செய்த காகிதத்தை மேலே வைத்து, கனமான உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்தார்கள். கீறலுக்குள் இருந்த மை காகிதத்தில் ஏறியது. படம் பிறந்தது!

ஒரு பெரிய தகட்டைக் கீறி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். வண்ணம் வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் தூரிகையால் கையாலேயே பூசுவார்கள். ஆகவே, "அச்சுப் படம்தானே!" என்று அலட்சியமாகச் சொல்லக்கூடாது. அதற்குள் கைவேலை நிறைய இருக்கிறது.

சலவைக் கணக்கு செய்த புரட்சி

செப்புத் தகட்டுக்கு அடுத்து வந்தது கல்லச்சு. அது பிறந்த கதை வேடிக்கையானது.

ஜெர்மனியில் மியூனிக் நகரில் செனபெல்டர் என்று ஒருவர் இருந்தார். நாடகம் எழுதுபவர். தன் நாடகத்தை அச்சிடப் பணம் இல்லை. மலிவாக அச்சிட ஏதாவது வழி உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1796-ல் ஒரு நாள், சலவைக்காரி வாசலில் காத்திருந்தாள். துணிக் கணக்கை எழுதித் தரும்படி அவருடைய தாயார் கேட்டார். கையில் காகிதம் இல்லை. பக்கத்தில் கிடந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல், மெழுகு கலந்த மையால் கணக்கை எழுதி வைத்தார். அந்தக் கல்லைக் கொண்டே அச்சடித்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. இந்தக் கதையைச் சொன்னவர் அவரேதான்!

அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. இது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சிறு விஷயத்தை வைத்தே 1798 வாக்கில் புதிய அச்சு முறையை உண்டாக்கிவிட்டார். கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைய வேண்டும். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். படம் இல்லாத இடத்தில் தண்ணீர் நிற்கும். அச்சு மையை உருட்டினால், அது படத்தின் மேல் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் போதும்.

உளியால் கீறும் வேலை இல்லை. படம் மலிவாயிற்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாக வைத்து, வண்ணப் படங்களையும் அச்சடிக்கத் தொடங்கினார்கள். அரண்மனையில் இருந்த படம் குடிசைக்கும் வந்தது.

படம் பொய்யும் சொல்லும்

மீண்டும் தஞ்சைக்கு வருவோம். அங்குள்ள படங்களில் எல்லோரையும் வியக்க வைப்பவை முகப் படங்கள். அவற்றை வரைந்தவர் சார்லஸ் லெப்ரன். பிரான்சு மன்னர் 14-ம் லூயியின் அரண்மனை ஓவியர். 1619-ல் பிறந்து 1690-ல் மறைந்தவர்.

ஒரு பக்கம் மாட்டின் முகம். பக்கத்தில் அதே சாயலில் ஒரு மனிதனின் முகம்! ஒரு பக்கம் ஆந்தை. பக்கத்தில் ஆந்தைக் கண்ணோடு ஒரு மனிதன்! இப்படியே சிங்கம், நரி, ஆடு, கழுகு என்று வரிசையாக வரைந்திருக்கிறார். எந்த மிருகத்தின் சாயல் முகத்தில் இருக்கிறதோ, அந்த மிருகத்தின் குணம் மனிதனுக்கும் இருக்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள்.

இது உண்மையா? இல்லை. முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்ல முடியாது என்று விஞ்ஞானம் கூறிவிட்டது. நரி முகம் உள்ளவன் நல்லவனாக இருப்பான். பசு முகம் உள்ளவன் பசுவாக இருப்பான் என்று நிச்சயம் இல்லை! எனினும் அந்தப் படங்கள் வீணல்ல. படித்த மனிதர்களே ஒரு காலத்தில் எதையெல்லாம் நம்பினார்கள் என்பதற்கு அவை சாட்சி.

சீனத் தண்டனைப் படங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அவற்றைப் பார்த்தால் மனம் பதறும். 1801-ல் லண்டனில் இத்தகைய 22 படங்கள் கொண்ட ஒரு புத்தகமே வெளிவந்தது. வெள்ளைக்காரர்கள் அதை வாங்கிப் பார்த்து, "சீனர்கள் எவ்வளவு கொடியவர்கள்!" என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அதே லண்டனில், 1868 வரை குற்றவாளிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். அதைக் காணக் கூட்டம் கூடியது!

அடுத்தவன் வீட்டு அழுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? படத்தை மாட்டினால் மட்டும் போதாது. அதன் கதையையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

மலிவுப் படங்களை அலட்சியம் செய்தது நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

நியூயார்க் நகரில் கரியர் என்பவர் 1830-களில் ஒரு கல்லச்சுக் கூடம் வைத்தார். 1857-ல் ஐவ்ஸ் என்பவர் கூட்டாளியானார். ரெயில் வண்டி, நீராவிக் கப்பல், தீ விபத்து, குதிரைப் பந்தயம், பனி பெய்த பண்ணை வீடு எல்லாவற்றையும் படமாகப் போட்டார்கள். மொத்தம் 7,000-க்கும் மேற்பட்ட படங்கள்! பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வண்ணமாகப் பூசினார்கள். சிறிய படத்தின் விலை 20 காசுகள், அதாவது அவர்கள் நாட்டு ஒரு டாலரில் ஐந்தில் ஒரு பங்கு. உழவரும் தொழிலாளரும் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள்.

1907-ல் கம்பெனி மூடப்பட்டது. படங்களைப் பழங்குப்பை என்று ஜனங்கள் ஒதுக்கினார்கள். பிறகுதான் விழிப்பு வந்தது. தங்கள் பாட்டனார் வாழ்ந்த வாழ்க்கையை அந்த மலிவுப் படங்களே காட்டுகின்றன என்று உணர்ந்தார்கள். தேடித் தேடிச் சேர்த்தார்கள். இன்று நியூயார்க் நகரப் பொருட்காட்சி சாலையில் அவை போற்றிக் காப்பாற்றப்படுகின்றன.

நமக்கும் அந்த விழிப்பு வர வேண்டும். ஆனால் எல்லாம் அழிந்த பிறகு வந்து பயன் இல்லை!

கரிசல் சீமைக்கு வந்த படங்கள்

"அரண்மனைக்குப் படம் வந்தது சரி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழையை நம்பிய சீமை ஆயிற்றே! குமாரலிங்கபுரம் போன்ற ஊருக்கு மேல்நாட்டுப் படம் எங்கே வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் இருக்கலாம்.

நம் கிராமங்களுக்கும் அது வந்தது. அரண்மனை வழியாக வரவில்லை. கடைத்தெரு வழியாக வந்தது!

வெள்ளைக்காரன் காலத்தில் மான்செஸ்டர் துணியும் நூலும் நம் நாட்டில் வந்து குவிந்தன. துணிக் கட்டின் மேல் பளபளப்பான வண்ணப் படம் ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். அதில் லட்சுமி இருப்பாள், கிருஷ்ணன் இருப்பான், யானை, மயில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துச் சரக்கை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்பது வியாபாரிகளின் யோசனை. நம் சாமியின் படத்தை இங்கிலாந்தில் அச்சடித்து, நமக்கே விற்றார்கள்!

தீப்பெட்டியும் அப்படித்தான். சுவீடன், ஆஸ்திரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த தீப்பெட்டிகளின் மேலும் நம் தெய்வங்களின் படங்கள் இருந்தன.

1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதற்கு முன்னோடிகள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் அச்சு வேண்டும். இப்படித்தான் சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது. ஜெர்மனியில் பிறந்த கல்லச்சு, நம் கரிசல் காட்டு ஓரத்தில் வந்து வேர் விட்டது. நாடு முழுவதும் போகும் காலண்டர்கள் அங்கே அச்சாயின.

காலண்டர் படம் என்றதும் நினைவுக்கு வருபவர் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் மேல்நாட்டு முறையில் சித்திரம் பயின்றார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். அந்த ரமணர் 1879-ல் பிறந்த ஊர் எது? நம் திருச்சுழிதான்! பிறகு கோவில்பட்டியில் நிலைத்து, முருகனையும் மீனாட்சியையும் லட்சுமியையும் வரைந்தார். சீடர்களையும் உருவாக்கினார். 1976-ல் மறைந்தார். அவர் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, ஏழை வீட்டுச் சுவரிலும் குடியேறின.

ஆகவே, தஞ்சை அரண்மனையில் உள்ள செப்புத் தகட்டுப் படமும், குமாரலிங்கபுரத்து வீட்டுச் சுவரில் உள்ள பழைய காலண்டரும் வெவ்வேறு அல்ல. ஒரே நீண்ட கதையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான்.

அந்நியப் படம் எதற்கு?

"மான்செஸ்டர் துணி நம் நெசவாளரின் வயிற்றில் அடித்தது. அதன் மேல் ஒட்டிய படத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் கேட்டால், அவர் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் நம் பதில் இதுதான்: அதற்காகவே காப்பாற்ற வேண்டும்! வழக்கில் எதிராளி எழுதிய கடிதத்தை யாராவது கிழித்துப் போடுவார்களா? அதுதானே சாட்சி! அழகான படத்தைக் காட்டி அந்நியன் எப்படிச் சரக்கை விற்றான் என்பதை, அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைக்குச் சொன்னால் உடனே விளங்கும். வெறும் வாயால் சொன்னால் விளங்காது.

பாராட்டுவதற்காக மட்டும் பழம்பொருளை வைப்பதில்லை. யோசிப்பதற்காகவும் வைக்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது

இதற்குப் பணம் வேண்டாம். கொஞ்சம் கவனம் போதும்.

பழைய படத்தை வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டக்கூடாது, வண்ணம் வெளுத்துவிடும். ஓதம் ஏறும் சுவரில் மாட்டக்கூடாது, பூசணம் பிடிக்கும். ஈரத் துணியால் காகிதத்தைத் துடைக்கக்கூடாது. கிழிந்த இடத்தில் பிசின் நாடாவை ஒட்டக்கூடாது. நாளடைவில் அது பழுப்புக் கறையாகிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டிவிடுவதும் கூடாது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் வருகின்றனவா என்று சட்டத்தின் பின்பக்கத்தை அடிக்கடி பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். "தாத்தா, இந்தப் படம் எப்போது வந்தது? யார் வாங்கினார்கள்?" அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, படத்தின் பின்பக்கச் சட்டத்தில் செருகி வையுங்கள். படத்தின் ஓரத்தில் அச்சுக்கூடத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பெரியவர் மறைந்துவிட்டால், அந்தக் கதையும் அவரோடு போய்விடும். பிறகு எந்தப் பொருட்காட்சி சாலையாலும் அதை மீட்க முடியாது.

அதிகாரிகள் செய்ய வேண்டியது

ஜனங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. பொருட்காட்சி சாலைகளை நடத்துபவர்களுக்கும் கடமை உண்டு.

எந்தப் பொருட்காட்சி சாலையாக இருந்தாலும், படத்துக்குப் பக்கத்தில் தமிழில், பெரிய எழுத்தில், எளிய நடையில் விளக்கம் இருக்க வேண்டும். படம் வரைந்தவர் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. எப்படி அச்சானது, எப்படி இங்கே வந்தது, அதில் எது உண்மை, எது பொய் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக எழுத்துக் கற்ற ஒரு தாய், தன் குழந்தைக்கு அதைப் படித்துக் காட்ட முடிய வேண்டும்.

இன்னும் ஒன்று. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் குடும்பம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் படம் பார்க்கத் தஞ்சாவூருக்குப் போக முடியுமா? முடியாது. ஆனால் படம் அவர்களிடம் வரலாம்! அச்சுப் படம் பிறந்ததே பல ஊர்களுக்குப் போவதற்காகத்தான். மூலப் படங்கள் அரண்மனையில் பத்திரமாக இருக்கட்டும். அவற்றின் நல்ல நகல்களை அச்சடித்து, கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பட்டும். அச்சடிக்க வேறு எங்கும் போக வேண்டாம், சிவகாசி இருக்கிறது!

அந்தப் பள்ளிச் சுவரில், தஞ்சைப் படங்களுக்குப் பக்கத்திலேயே, அந்த ஊர் வீடுகளில் கிடைத்த பழைய படங்களையும் ஒரு நாள் மாட்டிக் காட்டலாம். மாட்டினிடமும் மனிதனிடமும் ஒரே சாயலைக் கண்ட பிரான்சு ஓவியரின் படத்தைப் பார்த்து ஒரு சிறுவன் சிரிப்பான். அடுத்த நிமிடம், தன் வீட்டுப் பழைய காலண்டரின் ஓரத்தில் உள்ள பெயரைப் படித்து, "இது கோவில்பட்டியில் வரைந்ததா!" என்று வியப்பான். அன்றைக்கே அவனுக்குச் சரித்திரம் பாடப் புத்தகத்திலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குள் வந்துவிடும்.

சரபோஜி மன்னர் இழந்த நாடு திரும்ப வரவில்லை. ஆனால் அவர் சேர்த்து வைத்த காகிதம் இன்றும் இருக்கிறது. அது இப்போது நம் எல்லோருக்கும் சொந்தம். நம் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு காகிதம் தொங்கலாம். அதைக் குப்பையில் போடுவதற்கு முன், ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்!